ஜாக்கியின் காதில் ஒரு முழுக் கொப்புளம்

நாய்க்கு வந்த நோயைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு வேலை நிறையவே இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். காலையில் உட்கார்ந்தால் காய்ச்சல்காரர்களின் ரத்த ஸ்லைடு, இருமல்காரர்களின் சளி ஸ்லைடு, கர்ப்பிணிகளின் ரத்தம் என்று மதியம் வரை தலை நிமிர முடியாது. ஆனால் எங்கள் ஜாக்கிக்குச் சரியானதிலிருந்து, சுற்றுவட்டாரத்தில் எந்த நாய்க்கு முடி கொட்டினாலும் என் வீட்டுக்கு ஆள் வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தோஷம் மறுபடியும் புதிதாக வருகிறது. அதை ஏன் விட வேண்டும்?

இரண்டாயிரத்து நான்காம் வருடக் கோடை. ஜாக்கிக்கு அப்போது நான்கு வயது. நாட்டு நாய்தான். செம்மண் நிறம், மூக்கு மட்டும் கறுப்பு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி, அவருடைய அப்பா. என் வீட்டுக்காரருக்குப் பால் வியாபாரம். விடிந்ததும் தெருப் பெண்கள் கறந்த பாலைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் அளந்து ஊற்றுவார்கள். அவர் கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு பெரம்பலூர் போவார். பால் ஊற்ற வரும் ஒவ்வொருவரையும் வாலாட்டி வரவேற்பது ஜாக்கியின் உத்தியோகம். ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை.

பங்குனியில் அவன் மூக்கின் மேல் பொருக்கு கட்டியது. எங்கேயோ முட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் இரண்டு காதும், கண்ணைச் சுற்றியும் அதே பொருக்கு. பிறகு உள்ளங்கால்கள் தடித்து வெடித்தன. நடக்க முடியாமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தான். எங்கள் பக்கத்தில் சொறி நாய்க்கு ஒரே வைத்தியம்தான்: லாரிப் பட்டறையில் கழிவு ஆயில் வாங்கி, கந்தகத்தைக் கலந்து, தலை முதல் வால் வரை பூசிவிடுவது. நாங்களும் பூசினோம். நாய் கறுத்ததே தவிர குணமாகவில்லை. பொருக்குக்குக் கீழே தோல் சிவந்து தண்ணீராக வடிந்தது.

டவுனில் கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனோம். நல்ல மனிதர். பிளேடால் தோலைச் சுரண்டி ஸ்லைடில் வைத்துப் பார்த்தார். நானும் லேப் ஆள் என்று சொன்னதும் என்னையும் பார்க்கச் சொன்னார். சொறிப் பூச்சி என்றால் அதில் எட்டுக் காலோடு நெளிய வேண்டும். மூன்று இடத்தில் சுரண்டியும் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சொறிக்கு ஒரு ஊசி போட்டு, சீழுக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரத்தில் நாற்றம் குறைந்தது. பொருக்கு மட்டும் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. இது சாதாரணச் சொறி இல்லை, நாமக்கல்லில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

நாமக்கல் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

என் மாமனார் கட்சி மாரியம்மன் கட்சி. கொப்புளம் வந்தது, உடைந்தது, பொருக்கு கட்டியது என்றால் அது அம்மைதான், மனுஷனுக்கு வந்தால் என்ன, நாய்க்கு வந்தால் என்ன என்பது அவர் வாதம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது, மீன் வாங்கக் கூடாது என்று உத்தரவு. நாய்க்கு அம்மை என்று நாங்கள் மூன்று வாரம் தாளிக்காத ரசம் சாப்பிட்டோம். என் வேலைக்கும் அவருடைய நம்பிக்கைக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனால் அந்த வேப்பிலையை வைத்த கையோடு அவர் ஜாக்கியின் தலையைத் தடவிக்கொடுத்ததைப் பார்த்ததால் நானும் கடுகு டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டேன். ஜாக்கியை அவர் அப்படி நேசித்தார்.

என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியும் இல்லை. அவருக்கு வேறு தலைவலி. எதிர்வீட்டு அஞ்சலை அக்கா ஒருநாள் காலையில் பால் சொம்போடு வந்தவர், வாசலில் படுத்திருந்த ஜாக்கியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவருக்கு மூன்று வயதில் கடைக்குட்டிப் பெண் ஒருத்தி. அவள் ஜாக்கியைக் கட்டிப்பிடித்து விளையாடுகிறவள். புண் வடிகிற நாய் கிடக்கும் இடத்தில் பாலை அளந்தால் அதை யார் குடிப்பார்கள், நாளைக்கு என் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்று தெருவில் நின்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் சத்தமாக. மறுநாள் ஆறு வீட்டிலிருந்து பால் வரவில்லை. அதற்கு மறுநாள் பாதித் தெரு நின்றுவிட்டது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் என்னிடம் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இன்னும் பன்னெண்டு நாள்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுறாங்க. அதுக்குள்ள நீ எங்க வேணாலும் காட்டு. ஆவலன்னா கொள்ளிடத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் வுட்டுட்டு வந்துர்றேன். வேற வழி தெரியல."

திருமழபாடிப் பக்கம் ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால் நாய் திரும்பி வராது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. உள்ளங்கால் வெடித்த நாய் ஆற்று மணலில் எத்தனை நாள் நிற்கும்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சொல்லி முடித்த பிறகு அவர் கிணற்றடியில் போய் வெகுநேரம் சும்மா நின்றார். அதனால் சண்டை போடாமல் மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தேன்.

நாமக்கல்லுக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஜாக்கி மஞ்சளாக நிற்கிறான். உடம்பு முழுக்க மஞ்சள், தலையில் வேப்பிலைத் துணுக்கு. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று மாமனார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, பொருக்கெல்லாம் உதிரத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிற பிள்ளை அழுக்காகப் போகலாமா என்று வேறு கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆஸ்பத்திரிக்குக் குளித்துவிட்டுப் போவதுதானே முறை? எங்கள் சென்டருக்கு வருகிறவர்கள் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காட்டுவார்கள்.

வெங்காயக் கூடையில் ஜாக்கியை உட்கார வைத்து, மேலே என் பழைய புடவையைப் போர்த்தி, துறையூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். முசிறி தாண்டும் வரை கண்டக்டருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மஞ்சள் மூக்கு ஒன்று புடவைக்குள்ளிருந்து வெளியே வந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்கா என்றார். தலையாட்டினேன். அவர் வீட்டுப் பசுவுக்கு அங்கேதான் வைத்தியம் பார்த்தாராம். ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில், ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மடி வீங்கிய பசு ஒன்று, கால் உடைந்த கன்று ஒன்று, துண்டில் சுற்றிய சண்டைச் சேவலோடு மீசைக்காரர் ஒருவர், வயிறு உப்பிய வெள்ளாட்டைத் தட்டிக்கொண்டே இருந்த ஓர் அம்மா. எல்லோரும் எல்லோருடைய நோயையும் விசாரித்தார்கள். எங்கள் சென்டரில் வரிசைக்குச் சண்டை போடுவார்கள். இங்கே ஆட்டுக்காரம்மா என்னிடம் உன் நாய்க்குத்தான் முகம் பாவமாக இருக்கிறது, முன்னால் போ என்றார்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். சுற்றி நான்கைந்து மாணவர்கள். ஜாக்கியைப் பார்த்ததும் "என்னம்மா, நாய்க்கு மஞ்சள் நீராட்டு விழாவா?" என்று கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜாக்கியின் காதைப் புரட்டி, மூக்கைப் பார்த்து, நான்கு உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடடா, எல்லாவற்றையும் கழுவிவிட்டீர்களே என்றார். அதில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நானும் அப்படியே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தோலின் மேல் அடுக்கில் இருக்கும் அணுக்கள் செங்கல் சுவர் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒட்டவைக்கும் பசை ஒன்று உண்டு. "நீங்க அரியலூர்ப் பக்கம்தானே? சிமெண்டுன்னு வச்சுக்குங்களேன்" என்றார். உடம்புக்குள் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறதே, அது வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டியது. சில உடம்புகளில் அதற்குப் புத்தி தடுமாறி, சொந்தச் சிமெண்டையே பகையாளி என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடும். சிமெண்ட் போனால் செங்கல் தனித்தனியாகக் கழன்றுவிடும். அந்த இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளம் வரும், உடையும், பொருக்கு கட்டும். பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் என்று பெயர். எழுதிக் காட்டினார். இது யாரிடமிருந்தும் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது.

ஒட்டாது என்றதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், தெருவில் காட்ட வேண்டும் என்றேன். அவர் கையை உயர்த்தினார். இது சந்தேகம்தான், இன்னும் முடிவில்லை. இந்த நோய்க்கு மருந்து என்பது, தடுமாறிய அந்த எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கிற மாத்திரை. பூச்சியோ பூஞ்சையோ மறைந்திருக்கும் உடம்பில் அதைக் கொடுத்தால், காவலுக்கு இருந்தவனையும் அனுப்பிவிட்ட கதையாகி நாயே போய்விடும். ஆகவே நிரூபணம் வேண்டும். உடையாத, முழுசான, புதிய கொப்புளம் ஒன்று வேண்டும். அதற்குள் இருக்கும் நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கழன்றுபோன செங்கல்கள் உருண்டையாக மிதக்கும். பல்லி முட்டை அளவுகூட இருக்காது அந்தக் கொப்புளம். வந்த சில மணி நேரத்தில் தானாக உடைந்துவிடும். இன்றைக்கு வந்திருக்கக்கூடியதையெல்லாம் மஞ்சள் தேய்த்து உடைத்தாகிவிட்டது.

இங்கேயே தங்கிக் காத்திருக்கலாம், இல்லையென்றால் வீட்டில் பார்த்துவிட்டு வரலாம் என்றார். வீட்டில் பார்த்து, இங்கே கொண்டுவந்து சேர்வதற்குள் உடைந்துவிடுமே? அப்போதுதான் நான் என் வேலையைச் சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. எந்தச் சாயம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். லீஷ்மன் என்றேன். எத்தனை நிமிஷம், தண்ணீர் எவ்வளவு என்று பரீட்சை வைத்தார். கடகடவென்று சொன்னேன். உடனே மாணவர்களை விலக்கி என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, பழைய ஸ்லைடு ஒன்றைப் போட்டுக் காட்டினார். சுற்றிலும் சின்னச் சின்ன வெள்ளையணுக்கள். நடுவே பெரிதாக, வட்டமாக, மத்தியில் கரு வைத்த ஒரு செல். "ஆஃப்பாயில் மாதிரி இருக்குல்ல? இதைத்தான் தேடணும். ஊசியைப் பக்கவாட்டுல விட்டு எடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. எடுக்கறதுக்கு முன்னாடி எதையும் துடைக்காதீங்க."

வருஷக்கணக்காக எத்தனையோ ஆயிரம் ஸ்லைடு பார்த்தவள் நான். ஒருநாளும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், ஜாக்கியின் காதை நிமிஷத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் நாய்க்குப் பேன் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து, மஞ்சளால் என்ன ஆனது என்பதை மாமனாரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய் வாசல் வேப்பிலையை எடுத்துத் தொழுவத்தில் போட்டுவிட்டு வந்து, "எங்கெங்க பாக்கணும், சொல்லும்மா" என்றார். அன்றிலிருந்து அவர் கயிற்றுக் கட்டில் ஜாக்கி பக்கத்தில்தான். காது மடலின் உட்புறம், வயிறு, தொடை இடுக்கு என்று நான் சொல்லிக்கொடுத்த இடங்களை மணிக்கொருமுறை பார்த்தார். குளிக்கவும் சாப்பிடவும்கூட என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். ஜாக்கிக்கு எலிசபெத் மகாராணி மரியாதை. ஈ உட்கார்ந்தால்கூட விசிறியோடு ஓடிவந்தார்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வயிற்றில் ஒன்று வந்தது. நான் ஊசியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஜாக்கி காலால் சொறிந்து உடைத்துவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு மாமனார் தன் பழைய பனியன் துணியைக் கிழித்து அவன் பின்னங்கால் இரண்டிலும் காலுறை மாதிரி கட்டிவிட்டார். மூன்றாம் நாளும் போயிற்று. காலையில் பால் கேனைக் கழுவும்போது என் வீட்டுக்காரரின் கண் அவன் காது பக்கம் போய்ப் போய் வந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நான்காம் நாள், திங்கட்கிழமை. திங்கட்கிழமை எங்கள் சென்டரில் கும்பல் தாங்காது. பதினொரு மணி இருக்கும். வெளியே மொபெட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் புழுதியோடு வந்து நிற்கிறார். இரண்டு பக்கமும் காலிக் கேன்கள். முன்னால், கால் வைக்கும் இடத்தில் ஜாக்கி. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, இன்னொரு கையால் அவன் வலது காதை மடித்துத் தாங்கிக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறார். பெரம்பலூரிலிருந்து திரும்பியதும் மாமனார் கூப்பிட்டுக் காட்டினாராம். அடுத்த நொடி கிளம்பிவிட்டார். நம்ம தெரு வழியாவா வந்தீங்க என்று கேட்டேன். ஆமாம் என்றார். சொறி நாயும் பால் கேனும் ஒரே வண்டியில், பட்டப்பகலில், அஞ்சலை அக்கா வாசல் வழியாக. அன்றைக்கு மிச்சம் இருந்த பாதித் தெருவும் பால் ஊற்றுவதை நிறுத்தியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காதை விரித்துப் பார்த்தேன். உட்புறத்தில், ரோமம் இல்லாத இடத்தில், கம்பு தானியம் அளவில் மஞ்சளாக, பளபளவென்று ஒரு முழுக் கொப்புளம். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டேன். எங்கள் மெடிக்கல் ஆபீசர் கண்டிப்பானவர். நாயை உள்ளே கொண்டுவரக் கூடாது, நோயாளிகள் ஸ்லைடு எல்லாம் முடிந்த பிறகுதான் மைக்ராஸ்கோப் என்றார். போதும். நீரை இப்போது எடுத்துக் காயவைத்துவிட்டால் ஸ்லைடு எத்தனை மணி நேரமும் காத்திருக்கும்.

வெளியே புங்க மரத்தடியில் வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் ஜாக்கியை மடியில் போட்டுக் காதை விரித்துப் பிடித்தார். நான் டிரேயைப் பக்கத்தில் வைத்து, புது ஊசியை உடைத்தேன், ஸ்லைடை எடுத்து வைத்தேன், குனிந்தேன். வரிசையில் நின்ற காய்ச்சல்காரர்கள் பாதிப் பேர் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர்.

"தொடைக்காத மல்லிகா."

என் இடது கையைப் பார்த்தேன். அதில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு இருந்தது. எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் ஊசி குத்துவதற்கு முன்னால் துடைத்துத் துடைத்துப் பழகிய கை. அது என்னைக் கேட்காமலே டிரேயிலிருந்து எடுத்து, கொப்புளத்துக்கு ஒரு விரல் தூரம் வரைக்கும் போய்விட்டது. மாமனார் மஞ்சள் தேய்த்ததற்கு மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! பஞ்சைத் தூர எறிந்தேன். அவர் என் கையை விட்டார். நாமக்கல்லிலிருந்து வந்த அன்று மாமனாரிடம் நான் சொன்னதையெல்லாம் இந்த மனிதர் கிணற்றடியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

ஊசியைப் பக்கவாட்டில் விட்டேன். ஒரு சொட்டு. இரண்டு ஸ்லைடுக்குச் சரியாக இருந்தது. ஜாக்கி முனகக்கூட இல்லை.

மதியம் கூட்டம் கரைந்ததும் சாயம் ஊற்றினேன். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்தேனோ. கழுவி, காயவைத்து, லென்ஸை இறக்கினேன். முதலில் வெள்ளையணுக்கள், கூட்டம் கூட்டமாக. கிருமி இருக்கிறதா என்று தேடினேன், ஒன்றுகூட இல்லை. ஸ்லைடை மெதுவாக நகர்த்தினேன். அங்கே மிதந்தது, வட்டமாக, மத்தியில் கருவோடு, ஓர் ஆஃப்பாயில். பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் நகர்த்தினால் ஐந்தாறு ஒரே குவியலாக. நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மாவே அறைக்குள் வந்துவிட்டார். அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மனிதர்களுக்கும் இதே நோய் உண்டு, புத்தகத்தில் படித்ததோடு சரி, இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு கேட்காமலே எனக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தார்.

மறுநாளே சின்ன வெங்காயம் ஏற்றிப் போகும் வேனில் மாமனாரும் நானும் ஜாக்கியோடு நாமக்கல் போனோம். மஞ்சள் சாயம் இன்னும் போகவில்லை. டாக்டர் என் ஸ்லைடைப் பார்த்துவிட்டு மாணவர்களை எல்லாம் வரச் சொன்னார். இது பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், மரத்தடியில் எடுத்தது, இந்தச் சுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த நிமிஷம் நான் தரையில் இல்லை. மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கொப்புளத்தை முதலில் பார்த்தது நான்தான் என்று மாணவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் டாக்டர் அவசரப்படவில்லை. சில சமயம் பூஞ்சை நோயிலும் இப்படி உருண்டைகள் வரும் என்று முடியைப் பிடுங்கிப் பரிசோதித்தார். பூஞ்சை இல்லை. காதோரம் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகு அளவு தோலை வெட்டி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவும் பிற்பாடு அதே பெயரைத்தான் சொன்னது. அன்று மாலையே பிரெட்னிசலோன் மாத்திரை ஆரம்பித்தார். எடைக்குக் கணக்கிட்ட பெரிய அளவு. முதல் சில நாள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று எங்களை அங்கேயே தங்கச் சொன்னார்.

நான்கு நாள் தங்கினோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பக்கத்தில் அந்தக் கால் உடைந்த கன்றும் அதன் சொந்தக்காரரும். இருட்டினால் எனக்கு ஒரே பயம்தான்: மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது காய்ச்சல் கண்டுவிட்டால்? அவன் மூச்சு வேகமாக வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மாமனாரும் எழுந்து உட்கார்ந்திருப்பார். மாத்திரையின் குணம், ஜாக்கிக்கு அடங்காத தாகம், அடங்காத பசி. வாளி வாளியாகக் குடித்தான், தாழ்வாரத்தை நனைத்தான். கன்றுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் தன் வைக்கோலை எடுத்து எங்கள் பக்கம் பரப்பினார். மூன்றாம் நாள் காலையில் காதைப் பார்த்தேன். புதிய கொப்புளம் ஒன்றுகூட இல்லை. உள்ளங்காலில் ஈரம் காய்ந்திருந்தது. நான்காம் நாள், பல வாரங்களுக்குப் பிறகு, நான்கு காலையும் தரையில் ஊன்றி நடந்தான். மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். நான் பொத்திக்கொள்ளவில்லை. கன்றுக்காரரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

காப்புக் கட்டுக்கு முதல் நாள் ஊருக்குத் திரும்பினோம். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு என்னிடம் இருந்தது: இது மனிதருக்கோ மற்ற பிராணிகளுக்கோ தொற்றாது. வீட்டுக்குள்கூடப் போகாமல் அதை நேராக அஞ்சலை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றும் பால் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. என் வீட்டுக்காரர் கேன்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் கொள்ளிடம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானாக எடுத்தபோது, பால் போனால் வெங்காயத் தரகு பார்க்கிறேன், அதைப் பற்றிப் பேசாதே என்று எழுந்து போய்விட்டார்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று, மதியம் கூட்டம் கரைந்த நேரம். அஞ்சலை அக்கா கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நிற்கிறார். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை, அந்த மிஷினில் எதையோ பார்த்தியாமே, அதை எனக்குக் காட்டு என்றார். ஸ்லைடில் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிக்கொடுத்தேன். வெகுநேரம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் கண்ணிமைதான் தெரிகிறது என்றார். பிறகு சட்டென்று அசையாமல் ஆகிவிட்டார். நான் சிமெண்டையும் செங்கல்லையும் சொன்னேன். தன் உடம்பையே தான் தாக்கிக்கொள்வதைச் சொன்னேன். அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"டாக்டர் சீட்டு இருக்கட்டும். நீ சொல்லு மல்லிகா. எம்புள்ளைக்கு ஒட்டாதா?"

"ஒட்டாதுக்கா. உங்க புள்ளைக்கும் ஒட்டாது, யாருக்கும் ஒட்டாது."

"அதுக்கு முழுசா சரியாயிருமா?"

இங்கே பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதற்கே மாதக்கணக்காகும், திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டுவிடும், குறைத்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம், ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று இருந்ததை இருந்தபடி சொன்னேன். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று அன்று முழுக்க என்னை நானே நொந்துகொண்டேன்.

மறுநாள் விடியற்காலை, வாசலில் பால் சொம்பு வைக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அஞ்சலை அக்கா. பின்னால் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு சொம்போடு. என் வீட்டுக்காரர் கவிழ்த்து வைத்த கேனை நிமிர்த்த ஓடினார். ஜாக்கி மெதுவாக எழுந்து, அரை வழுக்கைக் காதுகளோடு, எல்லோருக்கும் வாலாட்டினான். கடைக்குட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. பாலை அளந்து ஊற்றிவிட்டு, என்னைப் பார்த்து அதட்டினார்.

"அது இன்னைக்கு மாத்திரை தின்னுச்சாடி? மொதல்ல போய்க் குடு."